தொப்பூர் இறக்கத்தில் ஒரு பிணம்

ராஜேஷ்குமார் கதைகளில் கொலை விழுவது பெரும்பாலும் கோயம்புத்தூரில். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பங்களா, அவினாசி ரோட்டில் ஒரு கார், மிஞ்சினால் ஊட்டி. சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும் சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா எல்லாருக்கும் சென்னையை விட்டால் வேலை ஏதாவது மலைவாசஸ்தலத்தில் இருக்கும். தருமபுரியில் ஒரு கொலையும் கிடையாது. நான் படித்த வரையில் எங்கள் ஊருக்குக் கிடைத்த அதிகபட்ச மரியாதை, பெங்களூருக்குத் தப்பி ஓடும் கார் ஒரே வாக்கியத்தில் எங்களைத் தாண்டிப் போனதுதான்.

யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். அந்த மாதிரிக் கொலைக்கு என்னென்ன வேண்டும்? கோடிக்கணக்கில் சொத்து, அதற்கு ஒரு உயில், உயிலை மாற்றி எழுதப்போகும் பெரியவர், மாடியில் தனி அறை, வாசலில் கூர்க்கா, கூடத்தில் டெலிபோன். தருமபுரி 1965-ல் சேலத்திலிருந்து பிரித்த மாவட்டம். வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, சாமை, கடலைக்காய், புளி. எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பணக்காரர் என்றால் புளி மண்டி வைத்திருப்பவர். அவர் வீட்டிலும் ராத்திரியானால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். உள்பக்கம் தாழிட்ட அறைக்குள் பிணம் என்றால், முதலில் அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்ட அறை என்று ஒன்று இருக்க வேண்டாமா?

ரயில் கொலைக்கும் எங்களிடம் வசதி போதாது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வெள்ளைக்காரன் 1906-ல் போட்ட குறுகிய ரயில் பாதையை உலகப்போர் சமயத்தில், 1941-ல், மூடிப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் காலத்தில் இருந்தது சேலம் - பெங்களூர் மீட்டர் கேஜ். அந்த வண்டி போகிற வேகத்துக்கு, கொலை செய்தவன் இறங்கி நடந்தாலே தப்பித்துவிடலாம். ஆகவே நாங்கள் கொலைகளை வெளியூரிலிருந்து வரவழைத்துப் படித்தோம்.

அவை வந்து இறங்கிய இடம் பஸ் ஸ்டாண்டு. அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் என்று எழுதிய பஸ்கள் வந்து திரும்பும் இடத்துக்குப் பின்னால் வரிசையாகக் கடைகள். அதில் ஒரு புத்தகக் கடை. கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் மாத நாவல்களை மாட்டியிருப்பார்கள். மாலைமதி, ராணிமுத்து, க்ரைம் நாவல், பாக்கெட் நாவல். எண்பதுகளின் நடுவில் ஜி. அசோகன் பாக்கெட் நாவலைத் தொடங்கியபிறகுதான் அந்தக் கயிறு கனத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பது பேருக்குத்தான். எங்கள் சட்டைப் பைக்கு அது கொஞ்சம் பெரிசு. இடுப்பில், டிராயருக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்வதுதான் வழக்கம். வெயில் நாளில் வியர்வை பட்டு அட்டையிலிருந்த பெண்ணின் முகம் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும்.

விலை கொடுத்து வாங்குவது எப்போதாவதுதான். மற்றபடி எல்லாம் வாடகை. கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் லெண்டிங் லைப்ரரி இருந்தது. பத்துக்கு எட்டு அறை. மூன்று பக்கமும் கூரை வரை புத்தகம், நாலாவது பக்கம் வாசல். அதை நடத்தியவரை எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். என் அப்பாவும் அண்ணா என்றார், நானும் அண்ணா என்றேன். போலியோவில் சூம்பிய ஒரு காலை ஸ்டூலுக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு, மடியில் பலகை வைத்துப் பைண்டு செய்துகொண்டே இருப்பார்.

அந்தப் பைண்டிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத நாவல் ஒரு மழைக்குத் தாங்காத சரக்கு. பழுப்புத் தாள், நடுவில் இரண்டு பின், மூன்று பேர் படித்தால் பின் துருவேறித் தாள் கழன்றுவிடும். அண்ணா புத்தகம் வந்த அன்றே பின்னைப் பிடுங்கி, வழவழப்பான அட்டையைக் கிழித்து எடுத்துவிடுவார். மூன்று நாவல்களை ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் ஊசியால் நாலு துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலைக் கோத்து இறுக்கி, காலண்டர் அட்டையை மேலே வைத்துக் கோந்து தடவி, பழுப்புக் காகிதம் ஒட்டுவார். முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் மூன்று தலைப்பு. கிழித்த அட்டைகள் அவருக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். இதனால் என்ன ஆயிற்றென்றால், ஒரே கட்டுக்குள் ராஜேஷ்குமாரும் தேவிபாலாவும் ராஜேந்திரகுமாரும் முதுகொட்டிக் கிடந்தார்கள். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் ஒரு கேஸை முடித்துவிட்டு நகர, அடுத்த பக்கத்திலேயே இன்னொருவரின் கதாநாயகன் ‘ஙே’ என்று விழித்துக்கொண்டு நிற்பான்.

நாலணா வாடகை, இரண்டு நாள். தாண்டினால் நாளுக்குப் பத்துப் பைசா. அண்ணாவின் நோட்டில் பேர் எழுதுவதில்லை. ‘போஸ்ட் ஆபீஸ் மாமா’, ‘குமாரசாமிப்பேட்டை டீச்சரக்கா’, ‘பட்டறைக்காரர்’ என்றுதான் இருக்கும். யார் எதைப் படிப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். புதிய நாவலைப் புரட்டும்போதே, “இது டீச்சரக்காவுக்கு வேண்டாம், நாய் சாகுது” என்று தனியே எடுத்து வைப்பார். மனிதர்கள் எத்தனை பேர் செத்தாலும் டீச்சரக்காவுக்கு ஆட்சேபம் கிடையாது.

அந்தப் புத்தகங்களில் ஒரு நிரந்தரத் தொல்லை உண்டு. கொலைகாரன் யார் என்பதை முதல் பக்கத்திலேயே பால்பாயிண்ட் பேனாவால் யாராவது எழுதி வைத்திருப்பார்கள். அதை நம்பவும் முடியாது. பாதிப் பேர் வேண்டுமென்றே தப்பான பேரை எழுதுவார்கள். அதன் கீழே இன்னொரு கை, “பொய், மேனேஜர்தான்” என்று திருத்தியிருக்கும். அதற்கும் கீழே வேறொரு மையில், “இரண்டு பேரும் இல்லை, முழுதாகப் படிக்கவும்.” நாவலாசிரியர் போட்ட முடிச்சுக்கு மேலே எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தார்கள். சில சமயம் கதையைவிட அந்தப் பக்கம்தான் விறுவிறுப்பு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் இருந்தார். நாங்கள் மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்து ஒருநாள் கூப்பிட்டு, “உங்க தாத்தன் காலத்திலேயே இதெல்லாம் வந்தாச்சுடா” என்று தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டு தொடங்கிப் பத்து வருஷம் ஆவதற்குள்ளேயே ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் தமிழ்நாட்டில் வேலையை ஆரம்பித்துவிட்டான். ஆரணியார் ரெயினால்ட்ஸ் போன்ற இங்கிலீஷ்காரர்களின் மர்மக் கதைகளை எடுத்து, ஆட்களுக்கு வேட்டி கட்டி, பொட்டு வைத்து இறக்கிக்கொண்டே இருந்தார். பெட்டியின் அடியில் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. சாம்பு எனக்கு உடனே பிடித்துப்போனான். மூளை என்று ஒன்றும் பெரிதாக இல்லாமல், தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் திருடனைப் பிடிக்கிற துப்பறிவாளன் வேறெந்த மொழியில் இருக்கிறானோ தெரியாது. தமிழில் அவனை வெல்ல ஆளில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் அதற்கு நேரெதிர். கசங்காத சட்டை, ஓயாத தேநீர், உலகம் முழுக்கப் பயணம். சங்கர்லால் தேநீர் குடிக்கும்போதெல்லாம் தலைமையாசிரியரும் உள்ளே குரல் கொடுத்து ஒரு டீ கேட்பார்.

ஆனால் அவையெல்லாம் பெட்டிச் சரக்கு. எங்கள் சரக்கு பஸ்ஸில் படிப்பது. மாத நாவலின் அளவை யாரோ தருமபுரி - சேலம் பஸ்ஸை வைத்துத்தான் தீர்மானித்திருக்க வேண்டும் என்று நான் அப்போது நிஜமாகவே நம்பினேன். நூறு பக்கத்துக்குச் சற்று முன்னே பின்னே, ஒன்றரை இரண்டு மணி நேரம். தருமபுரியில் பஸ் கிளம்பும்போது கதாநாயகி டெலிபோனை எடுத்து “ஹலோ” என்று சொல்வாள். அதியமான்கோட்டை தாண்டுவதற்குள் எதிர்முனையில் கரகரத்த குரல். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கத் தொடங்கும்போது பிணம் விழுந்தாக வேண்டும். விழவில்லையென்றால் அது சுமாரான நாவல் என்று அர்த்தம். அந்த இறக்கத்தில் லாரிகள் உருண்டு கிடப்பதைப் பார்த்துப் பழகியதால், பிணத்துக்கு அதுவே பொருத்தமான இடமாகவும் இருந்தது. ஓமலூரில் தப்பான ஆளைப் போலீஸ் கைது செய்யும். சேலம் ஐந்து ரோடு வரும்போது பரத் எல்லாரையும் ஒரு அறையில் உட்காரவைத்து விளக்கத் தொடங்கிவிடுவான். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சிலர் கடைசி இரண்டு பக்கத்துக்காக இருக்கையைவிட்டு எழாமல் கண்டக்டரிடம் திட்டு வாங்குவார்கள்.

எழுத்தாளர்களுக்குள் கட்சி பிரிந்திருந்தோம். ராஜேஷ்குமாருக்குத்தான் கூட்டம் அதிகம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் எழுதியிருக்கிற மனிதர். அண்ணாவின் அலமாரியில் ஒரு சுவர் அவருடையது. அவர் கை வைத்தியம் எங்களுக்குத் தெரியும்: ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படை அத்தியாயத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. இரண்டும் எங்கே சந்திக்கப்போகின்றன என்பதுதான் பந்தயம். அவசரக்காரர்கள் ஒற்றைப்படையை மட்டும் முதலில் படித்துவிட்டு, திரும்ப வந்து இரட்டைப்படையைப் படிப்பார்கள். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு பேர் என்பது தெரிந்தபோது, யார் கொலை செய்கிறார், யார் கண்டுபிடிக்கிறார் என்று வாதம் நடந்தது. என் ஓட்டு பட்டுக்கோட்டை பிரபாகருக்கு. பரத்தும் சுசீலாவும் ஒருவரையொருவர் வாரிக்கொள்வதைப் படிக்கவே புத்தகம் எடுப்போம். சுசீலாவின் டி-சர்ட்டில் இந்த முறை என்ன வாசகம் என்பது, செத்தது யார் என்பதைவிட முக்கியமான கேள்வி. தருமபுரியில் அப்போது எந்தப் பெண்ணும் டி-சர்ட் போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

சுஜாதா வேறு சாதி. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவர் கதையில் கொலையைவிட வாக்கியம் வேகமாக ஓடும். அறுபதுகளின் கடைசியில் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ எங்களுக்குக் கிடைத்தது, யாரோ வாரா வாரம் கிழித்துத் தைத்து வைத்திருந்த கட்டாக. ஒரு வாரம் காணோம். அந்த ஓட்டையை எங்கள் ஊகத்தால் நிரப்பிக்கொண்டோம். பல வருஷம் கழித்து முழுப் புத்தகமாகப் படித்தபோது, எங்கள் ஊகம் மோசமில்லை என்றுதான் பட்டது.

ஆனால் நான் பார்த்த துப்பறிவாளர்களில் முதல் இடம் என் பெரியம்மாவுக்கு. பாலக்கோடு பக்கம் கிராமம். ஐந்தாவது வரை படிப்பு. வீட்டை ஒட்டி ஒரு நீளக் கொட்டகையில் பட்டுப்புழு வளர்த்தார்கள். எங்கள் மாவட்டத்தில் அது பெரிய பிழைப்பு. தருமபுரியில் பட்டுக்கூட்டு அங்காடி இருக்கிறது. கர்நாடகத்து ராமநகரம் சந்தைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். முட்டை பொரித்து, புழு நாலு முறை தோலுரித்து, கூடு கட்டி முடிய ஏறக்குறைய ஒரு மாதம். அதில் கடைசி வாரம்தான் பாடு. புழு வாழ்நாளில் தின்கிற தழையில் பெரும்பங்கை அந்த ஒரு வாரத்தில் தின்றுவிடும். பகல் ராத்திரி பார்க்காமல் மல்பெரித் தழை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பள்ளிக்கூட லீவில் போனால் எனக்குக் கொட்டகையில்தான் படுக்கை. செருப்பு வெளியே. கையைக் கழுவாமல் உள்ளே நுழையக்கூடாது. பீடி, பூண்டு, பவுடர், எந்த வாசனையும் புழுவுக்கு ஆகாது என்று பெரியப்பாவையே வாசலில் நிறுத்தி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுகளுக்குத் தழை போட்டுவிட்டு, நாற்பது வாட் பல்புக்குக் கீழே சாக்கை விரித்து உட்காருவார் பெரியம்மா. அடுத்த வேளைத் தழைக்கு இடைப்பட்ட நேரம் அவருடையது. நான் டவுனிலிருந்து கொண்டுபோன கட்டைப் பிரிப்பார். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே சமயத்தில் தழையைக் கடிக்கிற சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுவது மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். அதன் நடுவே பெரியம்மா, உதடு அசைய, ஒரு பக்கத்தையும் தாண்டாமல் படிப்பார். தட்டில் விரிக்க எடுத்த பழைய பேப்பரையே படித்துவிட்டு விரிக்கிறவர்.

முப்பது பக்கம் ஆனதும் தீர்ப்பு வந்துவிடும். “இந்த டாக்டர் ரொம்ப நல்லவனா இருக்கிறான்டா. இவன்தான்.” பத்துக்கு ஏழு முறை அவன்தான். வேலைக்காரன் மேல் சந்தேகம் வருகிற மாதிரி எழுதியிருந்தால் ஆசிரியர் மேல் கோபம் வரும். “விடியக்காலம் எழுந்தவன் ராத்திரி வரைக்கும் பாத்திரம் தேய்க்கிறான். கொல்றதுக்கு அவனுக்கு நேரம் ஏது?” இன்ஸ்பெக்டர் பத்து அத்தியாயம் கழித்து வந்து சேருகிற இடத்துக்கு இவர் பாத்திரத்தை வைத்தே போய்விடுவார். சயனைடு என்று வந்தால் சிரிப்பார். “அதை எந்தக் கடையில வாங்கினான்னு எழுதுனானா பாரு.” எழுதியிருக்கமாட்டார்கள்.

ஒரு முறை கேட்டேன், ராத்திரியில் தனியாகக் கொலைக் கதை படிக்கப் பயமில்லையா என்று. “இதுல என்ன பயம்? யாரும் அழறதில்லையே” என்றார்.

அது அவர் போகிற போக்கில் சொன்னது. ஆனால் அந்தக் கதைகளைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் சாவு என்றால் தெருவே சாவு. பறைச் சத்தம் ராத்திரி முழுக்க. பங்காளிகள் வந்து சேரும்வரை எடுக்க முடியாது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள்; செத்தவர் வாங்கிக் கொடுத்த சேலை, வாங்கிக் கொடுக்காத சேலை, எல்லாக் கணக்கும் அதில் வந்துவிடும். கருமாதி முடிகிறவரை அந்த வீட்டில் தாளிக்கிற வாசனை வராது. பாக்கெட் நாவலில் ஒரு தொழிலதிபர் கழுத்தில் கத்தியோடு கிடப்பார். மனைவி “நோ!” என்று வீறிட்டு மயங்கி விழுவாள். அடுத்த அத்தியாயத்தில் அவளே காபி கொண்டுவந்து வைத்து, போலீஸின் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வாள். எடுக்கிற நேரம் என்ன, கொள்ளி யார் வைத்தது, ஊருக்கு யார் சோறு போட்டது என்று ஒன்றும் கிடையாது. அது சாவே இல்லை, விடுகதை. பிணம் என்பது விடுகதை தொடங்க அடிக்கிற மணி. அதனால்தான், காலையில் பக்கத்து ஊர் எழவு வீட்டுக்குப் போய் நெஞ்சடைக்க அழுதுவிட்டு வந்த அதே பெரியம்மாவால், ராத்திரி புழுக்கொட்டகையில் உட்கார்ந்து மூன்று கொலையை நிதானமாகப் படிக்க முடிந்தது.

படித்தவர்களுக்கு இது புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழாசிரியர் என் பையிலிருந்து ஒரு நாவலைப் பிடுங்கி, இதைப் படிக்கிறவன் ஒன்று திருடனாவான், இல்லை கொலைகாரனாவான் என்று வகுப்பில் அறிவித்தார். அந்த நாவல் எனக்குத் திரும்பி வரவில்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனதை மட்டும் பார்த்தேன். நான் வளர்ந்து கொஞ்சம் இங்கிலீஷ் படித்தபிறகு, இந்தச் சண்டை அமெரிக்காவிலும் நடந்தது தெரிந்தது. எட்மண்ட் வில்சன் என்ற பெரிய விமர்சகர் 1945-ல் நியூ யார்க்கர் பத்திரிகையில், அகதா கிறிஸ்டி கதையில் யார் யாரைக் கொன்றால் எவருக்கு என்ன என்கிற தொனியில் துப்பறியும் கதைகளைப் போட்டுத் தாக்கினார். மூன்று வருஷம் கழித்து ஆடன், அவ்வளவு பெரிய கவிஞர், இந்தக் கதைகள் தனக்குப் புகையிலை, மது போல ஒரு பழக்கம் என்று வெளிப்படையாகவே எழுதினார். எங்கள் தமிழாசிரியருக்கும் போஸ்ட் ஆபீஸ் மாமாவுக்கும் நடக்க வேண்டிய விவாதம் அது. நான் ஆடன் பக்கம், ஆனால் அவரைப் போலக் காரணம் தேட மாட்டேன். ஆடன் பாவம், மன்னிப்பு என்று எங்கெங்கோ போகிறார். சாயங்காலம் ஒரு மணி நேரம் சந்தோஷமாகக் கழிந்தது என்பதற்கு மேல் அதற்கு ஒரு தத்துவம் எதற்கு?

நிஜக் கொலை எங்கள் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. பென்னாகரத்துக்கு மேற்கே, ஒகேனக்கல் காட்டில் வீரப்பன் இருந்தான். 1993-ல் பாலாற்றில் கண்ணிவெடி வெடித்த செய்தி வந்த அன்று கடைவீதியில் யாரும் உரக்கப் பேசவில்லை. 2000 பிப்ரவரியில் இலக்கியம்பட்டியில், சுற்றுலா வந்த வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் பஸ்ஸோடு எரிக்கப்பட்டார்கள். அதில் துப்பறிய ஒன்றுமில்லை. பட்டப்பகல், நடுரோடு. அதன்பிறகு வெளியூரில் “எந்த ஊர்?” என்று யாராவது கேட்டால் “சேலம் பக்கம்” என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீரப்பன் முடிந்த விதம் வேறு. 2004 அக்டோபர் 18 ராத்திரி, பாப்பாரப்பட்டி அருகே, ஆம்புலன்ஸில் வந்தவனை அதிரடிப்படை சுட்டது. விஜயகுமார் தலைமை, கண் புரைக்குச் சிகிச்சை என்று சொல்லிக் காட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தார்கள், வண்டியை ஓட்டியவர் போலீஸ்காரர். நடவடிக்கைக்கு வைத்த பேர் ஆபரேஷன் கக்கூன், பட்டுக்கூடு. மறுநாள் தருமபுரி அரசு ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் தாங்கவில்லை. அதைவிடப் பெரிய கூட்டம் டீக்கடைகளில். ஊரே விவேக்காகவும் கணேஷாகவும் மாறியிருந்தது. மீசை ஏன் குறைந்திருந்தது? அத்தனை வருஷம் யாரையும் நம்பாதவன் ஆம்புலன்ஸில் எப்படி ஏறினான்? டிரைவர் எந்தக் கணத்தில் இறங்கி ஓடினார்? போலீஸ் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் ஒரு எதிர்க்கேள்வி. போலீஸ் சொன்னது சரியா தப்பா என்பதை நான் பேச வரவில்லை. நாலணா கொடுத்து வாடகைக்கு எடுத்துப் படித்த ஜனங்களுக்குச் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்திருந்தது. அதை மட்டும் பார்த்தேன். அந்தத் தமிழாசிரியர் பயந்த மாதிரி அவர்களில் யாரும் திருடனாகவில்லை. பட்டறைக்காரர் பஞ்சாயத்துகளில் கொஞ்சம் தொல்லை கொடுத்தார், அவ்வளவுதான்.

பிறகு வேலைக்குப் பெங்களூர் போனேன். அங்கே பழைய புத்தகக் கடைகளில் அகதா கிறிஸ்டியைக் கிலோக் கணக்கில் வாங்கினேன். 1930-ல் முதல் நாவலில் வந்து உட்கார்ந்த மிஸ் மார்ப்பிள் என்ற கிழவி, கம்பளி பின்னிக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறாள். எப்படியென்றால், ஊரில் முன்பு பார்த்த மீன்காரப் பையனின் ஜாடை இவனிடம் இருக்கிறதாம். இங்கிலாந்தின் மொத்த வாசகர்களும் வியந்த அந்த முறையைப் பாலக்கோட்டில் நான் ஏற்கெனவே பார்த்திருந்ததால் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீத்தம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில், எங்கள் ஆட்களின் கதைகளை இங்கிலீஷில் தொகுத்துப் போட்டது. ஆபீஸில் அதை ஒருவர் கொண்டுவந்து, அட்டையைப் பாருங்கள், என்ன கலர், என்ன ரசனை என்று பரவசப்பட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இதைத் தூரத்தில் நின்று ரசிக்கிற மாதிரி ரசிக்க எனக்கு வராது. அண்ணா அட்டையைக் கிழித்துவிட்டுத்தானே கொடுப்பார்.

அண்ணாவின் கடை தொண்ணூறுகளின் கடைசியில் மூடியது. 1993-ல் சன் டி.வி. வந்தது, கேபிள் வயர் சந்துக்குள் நுழைந்தது, டீச்சரக்கா வருவது குறைந்தது. கட்டுகளைச் சல்லிசாகப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டார். நான் போய்ச் சேருவதற்குள் எடை போட்டு முடித்திருந்தார்கள். சுவரில் ஒட்டிய அட்டைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அடுத்து வந்த செல்போன் ரீசார்ஜ் கடைக்காரர் அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்தார். இப்போது ஊரில் புத்தகத் திருவிழா நடக்கிறது. ராஜேஷ்குமார், பிரபாகர், சுபா எல்லாம் மின்நூலாகச் செல்போனிலேயே கிடைக்கிறார்கள். நானும் படிக்கிறேன். முதல் பக்கத்தில் யாரும் கொலைகாரன் பேரை எழுதி வைப்பதில்லை என்பது ஒரு குறைதான்.

பெரியம்மா இருக்கிறார். புழுக்கொட்டகையை மகன் கோழிப் பண்ணையாக்கிவிட்டான். போன பொங்கலுக்குப் போனபோது டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி ஒரு பழைய பிரபாகர் நாவலை நீட்டினேன். வாங்கித் தள்ளிப் பிடித்து நாலைந்து வரி படித்தார். பிறகு டி.வி.யைக் காட்டினார்.

“இவ மாமியாருக்குப் பால்ல விஷம் கலந்து மூணு வாரமாகுதுடா. இன்னும் டம்ளரை வாய்க்கிட்ட கொண்டுபோகல. இதுவே புஸ்தகமா இருந்தா இந்நேரம் அந்தக் கிழவி செத்து, இவளைப் பிடிச்சு, நான் அடுத்த கதைக்குப் போயிருப்பேன்.”

சவுண்டைக் குறைத்துவிட்டு, செல்போனை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல், இதில் பக்கம் எப்படித் திருப்புவது என்று கேட்டார்.